மங்கிய விளக்கும் வழியில் தொலைந்த வோல்ற்றும்

இரவிலே வண்டி செலுத்துவோருக்கு முன்விளக்கே கண். பகற்பொழுதில் எத்துணை கூர்மையாயிருந்த பார்வையும், சூரியன் மறைந்தபின் விளக்கு எட்டிய தூரத்துக்கு அப்பால் ஒன்றையும் அறியாது. நமது நெடுவீதிகளில் இராப்பயணம் செய்தவர்கள் இதனை நன்கறிவர். பகல் முழுதும் வெயில் குடித்த தார் இரவிலும் சூடாறாதிருக்கும். அச்சூட்டை நாடி மாடுகள் வீதியின் நடுவே படுத்திருக்கும். பின்விளக்கில்லாத துவிச்சக்கரவண்டியில் ஒருவர் வேலை முடிந்து வீடு திரும்புவார். திருவிழாப் பார்த்த குடும்பமொன்று குழந்தைகளுடன் வீதியோரமாய் நடந்து வரும். இவர்களிடம் தம்மைக் காட்டிக்கொள்ள ஒளி இல்லை. இவர்களைக் கண்டுகொள்வது முழுக்க முழுக்க வண்டியோட்டியின் பொறுப்பாகிறது.

ஆகவே, முன்விளக்கு மங்கலாயிருக்கிறது என்பதை அழகுக் குறையாகக் கருதி ஒத்திவைத்தல் ஆகாது. எனினும், மங்கல் கண்டவுடன் பெரும்பாலோர் செய்வது யாது? கடைக்குச் சென்று புதிய மின்குமிழ் ஒன்றை வாங்கி மாட்டுகிறார்கள். அதுவும் போதாதெனக் கண்டால், மேலும் வலுக்கூடிய குமிழைத் தேடுகிறார்கள். பணம் செலவாகிறது, இருள் மட்டும் அப்படியே நிற்கிறது. நாம் இங்கு சொல்ல விரும்புவது ஒன்றே: பல வண்டிகளில் குற்றவாளி குமிழன்று, குமிழுக்குச் செல்லும் வழியே.

தோட்டஞ் செய்வோர் இதனை உடனே விளங்கிக்கொள்வர். கிணற்றிலே நீர் நிறைந்திருக்கிறது. இயந்திரமும் நன்றாய் இறைக்கிறது. ஆயினும் கடைசிப் பாத்திக்கு நீர் எட்டவில்லை. அப்பொழுது பாத்தியை வெட்டி ஆழமாக்குவதால் என்ன பயன்? வாய்க்கால் எங்கே உடைந்திருக்கிறது, எங்கே புல் அடைத்திருக்கிறது என்றல்லவா பார்க்க வேண்டும்? காரிலே பற்றரி கிணறு; கம்பி வாய்க்கால்; விளக்கு கடைசிப் பாத்தி.

ஒளியின் கணக்கு

இழை எரியும் மின்குமிழுக்கு ஒரு விசித்திரமான குணமுண்டு. அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் சிறிது குறைந்தால், ஒளி அதைப்போல் மும்மடங்கு விகிதத்தில் குறையும். மின்னழுத்தத்தின் ஏறத்தாழ 3.4 ஆம் அடுக்குக்கு ஏற்ப ஒளி மாறுகிறதென்பது விளக்குத் தொழிலார் கொண்ட கணக்கு. 13.2 வோல்ற்று கிடைக்கவேண்டிய குமிழுக்கு 11.9 வோல்ற்றே கிடைக்கிறதென வைத்துக்கொள்வோம். குறைந்தது நூற்றுக்குப் பத்து. ஆனால் ஒளியோ நூற்றுக்கு முப்பது குறைந்துவிடும். அழுத்தம் நூற்றுக்கு இருபது குறைந்தால், ஒளியிற் பாதிக்கு மேல் போய்விடும்.

இந்த முப்பது வீதம் வீதியிலே என்ன செய்யும் என்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைவது என்பது மாணவர்கள் அறிந்த விதி. அந்த விதிப்படி, முன்னர் 60 மீற்றரில் கிடைத்த வெளிச்சம் இப்பொழுது 50 மீற்றரிலேதான் கிடைக்கும். பத்து மீற்றர் பார்வை தொலைந்தது.

அந்தப் பத்து மீற்றரின் விலை என்ன? மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 16.7 மீற்றர் ஓடும். ஒன்றைக் கண்டு, உணர்ந்து, காலை நிறுத்தியில் வைக்க ஒன்றரை விநாடி கழியுமாயின், அதற்குள் 25 மீற்றர் போய்விடும். அதன்பின் காய்ந்த வீதியில் நிற்க ஏறத்தாழ 20 மீற்றரும், மழையில் நனைந்த வீதியில் ஏறத்தாழ 35 மீற்றரும் வேண்டும். மாரிகாலத்து இரவில் மொத்தம் 60 மீற்றர். அறுபதில் கண்டவர் நின்றுவிடுவார். ஐம்பதில் கண்டவர் நிற்கமாட்டார். ஒன்றேகால் வோல்ற்றுச் சொச்சம் இவ்விருவருக்குமிடையே நிற்கிறது.

அழுத்தம் எங்கே தொலைகிறது?

60 வாற்று விளக்குகள் இரண்டு ஒருங்கே எரிகையில், 12 வோல்ற்று வண்டியிலே 10 அம்பியர் மின்னோட்டம் பாய்கிறது. ஜெர்மனி நாட்டு ஆசிரியர் ஓம் 1827 இல் வெளியிட்ட விதியை இங்கே வைத்துப் பார்ப்போம். வழியிலே 0.1 ஓம் தடை இருப்பின், 10 அம்பியருக்கு ஒரு வோல்ற்று அங்கேயே தீர்ந்துவிடும். பத்திலொரு ஓம் என்பது கண்ணுக்குப் புலப்படாத அளவு. ஒரு முனையிற் படிந்த பச்சைக் களிம்பு போதும்; தளர்ந்த திருகாணி போதும்; தேய்ந்த ஆளியின் கருகிய தொடுகை போதும். கடற்காற்று வீசும் நமது கரையோர ஊர்களிலே இக்களிம்பு விரைவிற் சேரும்.

பலர் மறந்துவிடும் பாதை ஒன்றுண்டு. மின்னோட்டம் விளக்குக்குச் சென்றால் மட்டும் போதாது. திரும்பி வரவும் வேண்டும். காரிலே திரும்பி வருவதற்குத் தனிக் கம்பி பெரும்பாலும் நீளமாய் இராது. வண்டியின் இரும்புடலே அப்பணியைச் செய்கிறது. இதனையே 'எர்த்' என்பர். விளக்கின் அருகே சிறு கறுப்புக் கம்பியொன்று உடலுடன் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கும். அவ்விடம் துருப்பிடித்தாலும், வண்டிக்குப் புதிதாய் நிறம் பூசியபோது பூச்சு இடையே புகுந்தாலும், திரும்பும் வழி அடைபடும்.

பழைய மொறிஸ் மைனர் வண்டிகளை இன்றும் அன்போடு பேணிவரும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. 1948 இல் வெளிவந்த அவ்வினத்தில் முன்விளக்கின் மின்னோட்டம் முழுவதும் முகப்புப் பலகையிலுள்ள ஆளிக்குள்ளும், காலால் அமர்த்தும் தாழ்த்தாளிக்குள்ளும் புகுந்து, நீண்ட கம்பி வழியே மீண்டும் முன்னே வருகிறது. இத்தனை ஆண்டு உழைத்த அந்தத் தொடுகைகளில் ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிக்கொண்டே விடும். இன்னொன்று: டைனமோ பூட்டிய வண்டி நிற்கும் வேளையில் இயந்திரம் மெல்லச் சுழல்வதால் விளக்குச் சற்றே மங்குவது அதன் இயல்பு. அதைப் பழுதெனக் கொள்ள வேண்டியதில்லை.

கருவியின்றிக் காணக்கூடியவை

கருவியைத் தொடுமுன் கண்ணாற் காணவேண்டியவை சில உள. முதலில் முன்கண்ணாடியை உள்ளும் புறமும் துடையுங்கள். உட்புறத்தில் படிந்திருக்கும் மெல்லிய புகைப்படலம் இரவிலேதான் தன்னைக் காட்டும். அடுத்து, விளக்கு மங்கலா, கண் மங்கலா என்பதையும் ஐயுறுதல் வேண்டும். அறுபது வயதுடையவரின் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதுடையவருக்கு எட்டுவதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே. தந்தை மங்கலென்று கூறும் விளக்கை மகன் பார்த்து நன்றென்பானாயின், வண்டியைக் கராஜுக்கு அனுப்புமுன் தந்தை கண்வைத்தியரைக் காணுதல் நலம்.

இவை நீங்கியபின், மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

ஒரு விளக்கு மட்டும் மங்கலா, இரண்டுமா? ஒன்று மட்டுமாயின் அவ்விளக்கின் குமிழ், சொருகி, எர்த் ஆகிய மூன்றையே ஐயுறலாம். இரண்டு குமிழ்களையும் இடம் மாற்றிப் பாருங்கள். மங்கல் குமிழோடு இடம் மாறினால் குமிழே குற்றவாளி; மாறாது அங்கேயே நின்றால் வழியே குற்றவாளி.

இயந்திரத்தின் வேகத்தைக் கூட்டும்போது இரு விளக்குகளும் பளிச்சிடுகின்றனவா? அல்ரனேற்றர் பூட்டிய வண்டியில் அவ்வாறு நிகழ்ந்தால், மின்னூட்டும் பகுதியை நோக்குங்கள். அதனைச் சுழற்றும் பட்டி தளர்ந்திருக்கலாம், பற்றரி முதிர்ந்திருக்கலாம், அல்ரனேற்றரே சோர்ந்திருக்கலாம்.

பக்கச் சமிக்ஞை விளக்கைப் போட்டவுடன் முன்விளக்கும் அதனோடு சேர்ந்து மினுங்குகிறதா? அவ்வாறாயின் எர்த் கெட்டிருப்பதற்கு அது நல்ல அடையாளம். தன் வழி அடைபட்ட மின்னோட்டம் அயல் விளக்கின் வழியைக் கடன் வாங்குகிறது.

பல்மானி சொல்லும் செய்தி

இனிப் பல்மானியை எடுப்போம். மாணவர்கள் உள்ள வீடுகளில் ஒன்று இருத்தல் கூடும். இல்லையேல் வாங்குவது வீண் செலவன்று. அதனை 20 வோல்ற்று நேரோட்ட அளவில் வையுங்கள்.

சில மணி நேரம் ஓய்ந்திருந்த பற்றரியின் இரு முனைகளுக்கிடையே ஏறத்தாழ 12.6 வோல்ற்று இருந்தால் அது நிறைந்திருக்கிறது. 12.2 ஆயின் ஏறத்தாழப் பாதி. பின்பு இயந்திரத்தை ஓடவிட்டு, விளக்கையும் போட்டு, வேகத்தைச் சற்றே கூட்டி அளந்தால் 13.8 முதல் 14.4 வரை காட்டவேண்டும். 13 இற்குக் கீழே நின்றால், விளக்கைக் குறைகூறுமுன் மின்னூட்டத்தைச் சீர்செய்க.

அடுத்தது முக்கியமான படி. விளக்கு எரிந்துகொண்டிருக்கையில், குமிழின் சொருகியைக் கழற்றாமலே அதன் பின்புறமாகப் பல்மானியின் முனைகளை நுழைத்து அளவுங்கள். பற்றரியிற் கண்ட அளவுக்கும் இங்கே கண்ட அளவுக்கும் உள்ள வேறுபாடே வழியில் தொலைந்த அழுத்தம். அரை வோல்ற்றுப் போனால் பொறுக்கலாம். ஒரு வோல்ற்றுக்கு மேற் போனால் மருந்து வேண்டும்.

இங்கே பலரை ஏமாற்றும் பொறியொன்று உண்டு. குமிழைக் கழற்றிவிட்டு வெறுஞ் சொருகியை அளந்தால் பல்மானி முழு அளவையும் காட்டும். 'வழி நன்றாகவே இருக்கிறது' என்று முடிவுசெய்து விடுவர். மின்னோட்டம் இல்லாத இடத்தில் இழப்பும் இல்லை. பாத்தியின் வாயை அடைத்துவிட்டால், அடைபட்ட வாய்க்காலிலும் நீர் மெல்ல மெல்ல ஏறி நிறைந்து நிற்குமன்றோ? ஆகவே விளக்கு எரியவேண்டும்; எரியும்போதே அளக்கவேண்டும்.

இழப்பு போகும் வழியிலா, திரும்பும் வழியிலா? பற்றரியின் நேர்முனையில் ஒரு முனையையும், குமிழுக்கு மின் வரும் தகட்டில் மறுமுனையையும் வைத்தால் போகும் வழியின் இழப்பு நேராகவே தெரியும். குமிழின் எர்த் தகட்டிலிருந்து பற்றரியின் எதிர்முனைக்கு அளந்தால் திரும்பும் வழியின் இழப்பு தெரியும், இது 0.2 வோல்ற்றுக்கு மேற்படலாகாது. பழைய மொறிஸ் மைனர் வண்டிகளில் நேர்முனையே உடலோடு பூட்டப்பட்டிருக்கும். அங்கே இவ்விரு வழிகளையும் முனை மாற்றிக் கொள்ளவேண்டும். சில யப்பானிய வண்டிகளில் ஆளி திரும்பும் வழியிலே அமைந்திருக்கும். அவற்றில் மின்சுற்றுப் படத்தைப் பாராது கம்பியைத் தொடாதிருத்தல் நன்று.

மருந்து

முதல் மருந்து துப்புரவு. பற்றரியின் எர்த் முனையை முதலிற் கழற்றுங்கள். பூட்டும்போது அதனை இறுதியிற் பூட்டுங்கள். பற்றரி அருகே நெருப்பு ஆகாது. அதிலிருந்து வெளிப்படும் ஐதரசன் வாயு தீப்பற்றக்கூடியது. முனைகளிற் பூத்திருக்கும் வெண்ணீலப் பொடியை, அப்பச்சோடா கரைத்த நீரால் கழுவலாம். அந்நீர் பற்றரியின் உள்ளே புகலாகாது. சொருகிகளையும் உருகியின் இருப்பிடத்தையும் நுண்ணிய அரத்தாளால் தேய்த்துப் பளிச்சென்ற உலோகம் தெரியச் செய்யுங்கள். எர்த் திருகாணியின் கீழுள்ள பூச்சையும் துருவையும் சுரண்டிப் பூட்டி, அதன்மேல் சிறிது கிறீஸ் தடவினால் ஈரம் அண்டாது. இவ்வளவோடு குணமடையும் வண்டிகள் பல.

இரண்டாவது மருந்து றிலே. இழப்பு ஆளியிலும் நீண்ட கம்பியிலும் இருந்தால் துப்புரவு மட்டும் போதாது. பற்றரியிலிருந்து உருகியொன்றின் வழியாகத் தடித்த கம்பியை நேரே விளக்கின் அருகே கொண்டுவந்து, அங்கே றிலேயைப் பூட்டுவார்கள். பழைய ஆளியின் கம்பி இப்பொழுது விளக்கைச் சுமப்பதில்லை. றிலேயைத் திறக்கும் சிறு மின்னோட்டத்தை மட்டும் அனுப்புகிறது. கட்டளையிடுவது ஆளி; சுமை தூக்குவது றிலே. உயர்த்திய ஒளிக்கு ஒன்றும் தாழ்த்திய ஒளிக்கு ஒன்றுமாக இரண்டு றிலேக்கள் வேண்டும். உருகியைப் பற்றரிக்கு மிக அருகிலே வைத்தல் கட்டாயம். உருகியில்லாத தடித்த கம்பி உடலோடு உராய்ந்தால் வண்டியே தீக்கிரையாகும். பழக்கமில்லாதவர்கள் இவ்வேலையை மோட்டார் மின்வேலை தெரிந்தவரிடம் ஒப்படைப்பதே நன்று.

மஞ்சள் படர்ந்த வில்லை

யப்பானிலிருந்து பாவித்தபின் இங்கு வந்த வண்டிகளிலே வேறொரு நோய் பரவலாகக் காணப்படும். அவற்றின் விளக்கு முகப்பு கண்ணாடியன்று. பொலிகாபனேற்று என்னும் பிளாஸ்ரிக். வெயிலின் புறஊதாக் கதிர் அதன் மேற்பூச்சைத் தின்றபின் முகப்பு மஞ்சளித்து மங்கிவிடும். உள்ளே எவ்வளவு நல்ல குமிழ் எரிந்தாலும் அது குடத்துள் இட்ட விளக்கே.

பற்பசையால் தேய்ப்பது பலர் கூறும் கைமருந்து. அது மேற்படலத்தைச் சிறிது மெருகூட்டும். ஆனால் அந்த அழகு நிலைக்காது. முறையான வழி யாதெனில், நீர் தோய்ந்த அரத்தாளால் 800 இலக்கம் தொடங்கி 1000, 2000, 3000 எனப் படிப்படியாக நுண்மையை நோக்கித் தேய்த்து, மெருகுப் பசையால் துலக்கி, ஈற்றில் புறஊதாக் கதிரைத் தடுக்கும் தெளிந்த பூச்சொன்றைப் பூசுதல். இக்கடைசிப் படியை விட்டவர்கள் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளையே காண்பர். விளக்கின் உள்ளே பளபளக்கும் தெறிப்புக் கிண்ணத்தைத் துணியால் துடைத்தல் மட்டும் கூடவே கூடாது. அதன் மெல்லிய அலுமினியப் படலம் துணியோடு வந்துவிடும்.

செய்யத் தகாதவை

100 வாற்றுக் குமிழை மாட்டினால் ஒளி கூடுமே என்பர். அது ஒவ்வொன்றும் 8 அம்பியருக்கு மேல் இழுக்கும். மின்னோட்டம் கூட, அதே வழியில் இழப்பும் கூடும், பழைய சொருகி உருகும், ஆளி கருகும். எல்.ஈ.டி. குமிழைப் பழைய இழைக்குமிழின் இடத்தில் மாட்டுவதும் ஆராயாது செய்யத் தக்கதன்று. கிண்ணமும் வில்லையும் மெல்லிய இழை இருந்த இடத்தைக் குறித்தே வகுக்கப்பட்டவை. ஒளி பிறக்கும் இடம் சற்றே விலகினாலும் கதிர் சிதறும். வண்டியின் முன்னே வெண்மையாய்த் தோன்றும் வெளிச்சம் தூரத்தை எட்டாது எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யும். தொடக்கத்திலேயே எல்.ஈ.டி. விளக்கோடு செய்யப்பட்ட வண்டிகளுக்கு நாம் மேலே கூறிய வோல்ற்றுக் கணக்குப் பொருந்தாது. அவற்றை மின்னணுக் கருவி ஆள்கிறது. நீலவொளி வீசும் சேனன் விளக்குகளோ ஏற்றப்படும் கணத்தில் 20,000 வோல்ற்றுக்கு மேல் எழுப்புவன. அவற்றை வீட்டிலே திறத்தல் ஆபத்து.

புதிய ஆலசன் குமிழை மாட்டும்போது அதன் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய்ப் பசை படிந்த இடம் அளவுக்கு மீறிச் சூடேறிக் குமிழ் விரைவில் கெடும்.

இறுதியாக, விளக்கின் நோக்கு. தரையை நோக்கித் தாழ்ந்துவிட்ட விளக்கும் மங்கலாகவே தோன்றும். சமதரையில் சுவருக்கு 10 மீற்றர் தூரத்தே வண்டியை நிறுத்துங்கள். சக்கரங்களின் காற்று சரியாயிருக்க, ஓட்டுநர் ஆசனத்தில் ஒருவர் அமர்ந்திருக்கட்டும். தாழ்த்திய ஒளியின் மேல்விளிம்பு, விளக்கின் நடுவுயரத்திலிருந்து ஏறத்தாழ 10 சதமமீற்றர் கீழே சுவரிற் படவேண்டும். இடப்பக்கமாய் ஓடும் நமது நாட்டில் அவ்விளிம்பு இடப்புறத்தில் மேலேறவேண்டும். அப்பொழுதே ஓரத்தில் நடப்பவர் தெரிவார். வலப்பக்கமாய் ஓடும் நாடுகளுக்குச் செய்த விளக்கு வலப்புறத்தில் ஏறி எதிரே வருபவரைக் குருடாக்கும்.

துப்புரவாயினும் றிலேயாயினும், வேலை முடிந்தபின் முன்னர் அளந்த அதே இடத்தில் பல்மானியை மீண்டும் வையுங்கள். எண் உயர்ந்திருந்தாலன்றி நோய் தீர்ந்ததெனக் கொள்ளற்க. இவ்வேலை ஒரு மாலைப்பொழுதுக்கு மேற் பிடிக்காது. பிள்ளைகளையும் அருகே வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் ஓமின் விதியை மனனஞ் செய்த மாணவன், அதே விதி தன் வீட்டு வண்டியின் துருப்பிடித்த திருகாணியிலே குடியிருப்பதைக் கண்ணாரக் காண்பானாயின், அதன்பின் அதனை மறக்கமாட்டான். மாரி தொடங்குமுன் இதனைச் செய்துவிடுதல் நன்று; நனைந்த தார் ஒளியைத் திருப்பித் தராது விழுங்கும் காலத்திலே, தொலைந்த ஒவ்வொரு வோல்ற்றும் நமக்கு வேண்டியிருக்கும்.